ஹேன்ட்ஃபோன் அப்டேட்: அன்னைக்கே போடறதா, பொறுக்கறதா, பழசுலயே இருக்கறதா, ஃபோனையே மாத்தறதா?

வருஷா வருஷம் செப்டம்பர் வந்தா ஐஃபோன் வச்சிருக்கவங்க கேப்பாங்க, அதுக்கு முன்னயோ பின்னயோ ஆண்ட்ராய்டு வச்சிருக்கவங்க கேப்பாங்க, கேள்வி என்னமோ ஒண்ணுதான்: “புது வெர்ஷன் வந்திருக்குன்னு காட்டிக்கிட்டே இருக்கு, போடலாமா வேணாமா?” போட்டா ஸ்லோ ஆயிடும்னு ஒருத்தர் பயமுறுத்துவார், போடலன்னா ஹேக் பண்ணிடுவான்னு இன்னொருத்தர் பயமுறுத்துவார், நடுவுல நாம “அப்புறம் ஞாபகப்படுத்து” பட்டனை அமுக்கி அமுக்கியே மாசக்கணக்கா ஓட்டிடுவோம், ஒருநாள் பேங்க் ஆப் தொறக்காது, அன்னைக்குத்தான் விழுந்தடிச்சு ஓடுவோம்.

வேற ஊர்ல எப்படியோ, சிங்கப்பூர்ல இது லேசா எடுத்துக்கற விஷயம் இல்லங்க. அரசாங்க சேவைக்கெல்லாம் நம்ம அடையாளமா இருக்கற சிங்பாஸ் இந்த ஃபோனுக்குள்ள இருக்கு, பணம் அனுப்பறது நாமதான்னு உறுதி பண்ற பேங்க் டோக்கன் இதுக்குள்ள இருக்கு, பிள்ளையோட ஸ்கூல் நோட்டீஸ் பேரன்ட்ஸ் கேட்வேல வருது, பாலிகிளினிக் அப்பாயின்ட்மென்ட் ஹெல்த்ஹப்ல இருக்கு, பெர்மிட்ல வேலை பாக்கற தம்பிங்களுக்கு எஸ்ஜி வொர்க்பாஸ் இருக்கு. 2024 ஜூலைல டிஜிட்டல் டோக்கன் வச்சிருக்கவங்களுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிய படிப்படியா நிறுத்தப்போறோம்னு நாணய ஆணையமும் பேங்க் சங்கமும் அறிவிச்சதுக்கப்புறம் இந்த ஒரு ஃபோனைத்தான் நாம இன்னும் அதிகமா நம்பி இருக்கோம். அதனால கேமரா நல்லா வருமா, ஐகான் அழகா இருக்குமான்னு பாத்து முடிவெடுக்காதீங்க.

## மொதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துக்குவோம்

அப்டேட்ல ரெண்டு ரகம் இருக்கு. ஐஓஎஸ் 18லேர்ந்து 26க்கு போறது, ஆண்ட்ராய்டு 15லேர்ந்து 16க்கு போறது, இதெல்லாம் பெரிய அப்டேட், ஃபோனோட முகமே மாறும். 18.6.1லேர்ந்து 18.6.2க்கு போறது, ஆண்ட்ராய்டுல மாசாமாசமோ மூணு மாசத்துக்கு ஒருதடவையோ வர்ற செக்யூரிட்டி பேட்ச், இது சின்னது, பாக்கறதுக்கு எதுவும் மாறியிருக்காது, ஆனா ஓட்டையை அடைக்கறது இதுதான்.

அந்த 18.6.2 எதுக்கு வந்துச்சுன்னு பாருங்க. 2025 ஆகஸ்ட்ல ஆப்பிள் அவசரமா விட்டது. ஒரு மோசமான படத்தை ஃபோன் திறந்து ப்ராசஸ் பண்ணும்போதே உள்ள நுழைய வழி பண்ற ஓட்டை அது, குறிப்பிட்ட சில ஆளுங்களைக் குறிவச்சு ஏற்கனவே பயன்படுத்தியிருக்கலாம்னு ஆப்பிளே சொல்லுச்சு. அடுத்த மாசமே 2015ல வந்த ஐஃபோன் 6எஸ்க்கு கூட அதே ஓட்டையை அடைக்க 15.8.5னு ஒரு பேட்ச் விட்டாங்க. பத்து வருஷப் பழைய ஃபோனுக்கு!

நான் சொல்ல வர்றது இதுதான்: பெரிய அப்டேட்டை தாராளமா தள்ளிப்போடலாம், சின்ன பேட்ச்சை தள்ளிப்போடக் கூடாது. நம்மாளுங்க ரெண்டையும் சேத்து “அப்டேட்டே வேணாம்”னு ஆஃப் பண்ணி வச்சிடறாங்க, அதுதான் எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு.

## எதை வச்சு முடிவு பண்றது

சிங்பாஸ், பேங்க் ஆப். இதுங்க எல்லாம் குறைஞ்சபட்சம் இந்த வெர்ஷன் வேணும்னு கேக்கும், அந்த அளவு அப்பப்ப ஏறிக்கிட்டே போகும். உங்க ஃபோன் அதுக்குக் கீழ போச்சுன்னா ஆப் அப்டேட் ஆகாது, அப்புறம் தொறக்கவும் தொறக்காது. வாட்ஸ்அப்பும் அப்படித்தான், 2025 மே மாசத்துலேர்ந்து ஐஓஎஸ் 15.1க்குக் கீழ இருக்கற ஃபோன்ல ஓடறதில்ல.

திரும்பி வர முடியுமா. இதை யாரும் யோசிக்கறதில்ல. ஐஃபோன்ல புது வெர்ஷன் வந்து கொஞ்ச நாள்லயே பழைய வெர்ஷனுக்கு ஆப்பிள் கையெழுத்துப் போடறதை, அதாவது ஃபோன்ல ஏத்த அனுமதி குடுக்கறதை நிறுத்திடும், அதுக்கப்புறம் எந்தக் கடைக்காரர் நெனச்சாலும் பின்னாடி போக முடியாது. போக முடிஞ்ச அந்த சில நாள்ல கூட ஃபோனை முழுசா அழிக்கணும், புது வெர்ஷன்ல எடுத்த பேக்கப் பழைய வெர்ஷன்ல ஏறாது. சாம்சங்லயும் பூட்லோடர் (ஃபோன் ஆன் ஆகும்போது முதல்ல ஓடற சாஃப்ட்வேர்) வெர்ஷன் ஏறிடுச்சுன்னா கதவு மூடின மாதிரிதான்.

இடம். பெரிய அப்டேட்டுக்கு பல ஜிபி காலி வேணும். 64 ஜிபி ஃபோன் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும் இந்தக் கஷ்டம்.

பேட்டரி, வேகம், அப்புறம் காசு. காசுன்னா ஃபோன் விலை மட்டும் இல்ல, நேரம், இன்னும் ரெண்டு மூணு விஷயம் இருக்கு, கீழ சொல்றேன்.

## வந்த அன்னைக்கே போடறது

சின்ன பேட்ச்னா இதுதான் சரி, அன்னைக்கு ராத்திரியே சார்ஜ்ல போட்டுட்டு தூங்குங்க.

பெரிய அப்டேட்னா வேணாங்கறதுதான் என் கருத்து. இது சும்மா பயம் இல்ல, நடந்தது இருக்கு. 2014 செப்டம்பர்ல ஐஓஎஸ் 8.0.1 விட்டு ஒரு மணி நேரம் போல ஆனதும் ஆப்பிளே வாபஸ் வாங்குச்சு, போட்டவங்க ஐஃபோன் 6ல லைனே இல்லாம போச்சு, கைரேகையும் வேலை செய்யல. 2024ல ஐபேட்ஓஎஸ் 18 வந்தப்ப எம்4 ஐபேட் ப்ரோ சிலது அப்படியே செத்துப்போச்சுன்னு நிறுத்தி வச்சாங்க. 2025 ஏப்ரல்ல சாம்சங் ஒன் யுஐ 7ஐ (ஆண்ட்ராய்டு மேல சாம்சங் போடற சொந்த வடிவம்) விநியோகிக்க ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டு அப்புறம் மறுபடி தொடங்கினாங்க. இவ்வளவு பெரிய கம்பெனிங்களுக்கே இப்படி ஆகுதுன்னா, முதல் நாள் போட்டுப் பாக்கற ஆளு நாமளா இருக்க வேண்டிய அவசியம் என்ன?

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, போட்ட முதல் சில நாளைக்கு ஃபோன் உள்ளுக்குள்ள படத்தையெல்லாம் மறுபடி அடுக்கி, ஆப்பையெல்லாம் புதுசா தயார் பண்ணிக்கிட்டே இருக்கும், சூடாகும், பேட்டரி மளமளன்னு இறங்கும். இது நோய் இல்ல, தானா அடங்கும், ஆனா அந்த வாரம் நீங்க சாங்கியில நின்னுக்கிட்டு போர்டிங் பாஸை ஃபோன்ல காட்டணும்னா தவிச்சிடுவீங்க. ஊருக்குப் போற வாரம், சம்பள வாரம், வரி ஃபைல் பண்ற வாரம், இதுல எதுலயும் பெரிய அப்டேட் கூடாது.

வீட்டுல இன்னொரு ஃபோன் இருக்கு, அதுல டோக்கன் எதுவும் இல்லன்னா தாராளமா அன்னைக்கே போட்டுப் பாருங்க.

## கொஞ்ச நாள் பொறுத்துப் போடறது

பெரும்பாலான ஆளுங்களுக்கு இதுதான். மூணு நாலு வாரம், இல்லன்னா முதல் ‘புள்ளி ஒண்ணு’ வர்ற வரைக்கும். ஐஓஎஸ் 26 செப்டம்பர் 15, 2025ல வந்துச்சு, அந்தக் கண்ணாடி மாதிரி டிசைன்ல எழுத்து சரியா தெரியலன்னு நெறைய பேர் பொலம்பினாங்க, நவம்பர் தொடக்கத்துல வந்த 26.1ல கண்ணாடியை மங்கலாக்கிக்கற செட்டிங்கே குடுத்துட்டாங்க. பொறுத்தவங்க அந்தத் தலைவலி இல்லாம நேரா அதுக்கே போயிட்டாங்க.

பொறுக்கற நேரத்துல ரெண்டு வேலை பண்ணுங்க. உங்க பேங்க் ஆப், சிங்பாஸ் எல்லாத்தையும் முதல்ல அப்டேட் பண்ணுங்க, அப்புறம் பேக்கப். இந்த பேக்கப்லதான் நம்மாளுங்க மாட்டிக்கறது, ஐகிளவுட்ல இலவசம் 5 ஜிபிதான், கூகுள்ல 15 ஜிபி, வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்ப அந்த 15க்குள்ளதான் கணக்கு. அதனால பத்தலன்னா மாசாமாசம் காசு கட்டணும், இல்லன்னா கம்ப்யூட்டர்ல வயர் போட்டு எடுக்கணும். வயர் போடறதுல இன்னொரு லாபம், ஐஃபோன் அப்டேட்டையே கம்ப்யூட்டர் வழியா போட்டா ஃபைல் கம்ப்யூட்டர்ல இறங்கிடும், ஃபோன்ல அவ்வளவு காலி இடம் தேவைப்படாது.

இடம் பத்தி சொல்லும்போது, யீஷுன்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஆன்ட்டி ஒருத்தங்க, 64 ஜிபி ஃபோன், “இடம் போதாதுன்னு சொல்லுது தம்பி, பேரன் படத்தையெல்லாம் அழிக்கச் சொல்றியா”ன்னு கண்ணு கலங்கற மாதிரி கேட்டாங்க. படத்துல கையே வைக்கல. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதுக்குள்ள மேனேஜ் ஸ்டோரேஜ் தொறந்தா மேலயே ‘பலமுறை ஃபார்வர்ட் ஆனது’ன்னு தனியா, ‘5 எம்பிக்கு மேல’ன்னு தனியா பிரிச்சுக் காட்டும். உள்ள பூராவும் காலை வணக்கம் வீடியோ, சாமி படம், யாரோ பேசின பேச்சு, அதையே நாலு குரூப்ல நாலு பேர் அனுப்பியிருக்காங்க, நாலும் தனித்தனியா உக்காந்திருக்கு. அதை மட்டும் அழிச்சோம், போதுமான இடம் வந்துடுச்சு. ஒரு விஷயம் கவனிங்க, ஃபோட்டோஸ்லேர்ந்து அழிச்சீங்கன்னா ‘ரீசன்ட்லி டெலிட்டட்’னு ஒரு ஆல்பத்துல 30 நாள் அப்படியே கெடக்கும், அங்கயும் போய் அழிச்சாத்தான் இடம் வரும்.

## பழைய வெர்ஷன்லயே இருந்துக்கறது

இதை ரெண்டா பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா ரெண்டும் ஒண்ணு இல்ல.

உங்க ஃபோனுக்கு புது வெர்ஷன் வரவே வராது, ஆனா பேட்ச் மட்டும் வருதுன்னா, நிம்மதியா இருங்க. ஐஃபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் அப்படித்தான், ஐஓஎஸ் 26க்கு ஐஃபோன் 11ஆவது வேணும், அதனால அதுங்க 18லயே நின்னுடுச்சு, ஆனா 18.7ன்னு பேட்ச் வந்துச்சு. பேட்ச் வர்ற வரைக்கும், சிங்பாஸும் பேங்க்கும் ஓடற வரைக்கும் ஃபோன் மாத்தணும்னு யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீங்க.

புது வெர்ஷன் வரும், நான்தான் வேணாங்கறேன் அப்படின்னா கதை வேற. ஆரம்பத்துல கொஞ்ச நாளைக்கு ‘பழையதுலயே இருந்து பேட்ச் மட்டும் வாங்கிக்கோ’ன்னு ஆப்பிள் விடும், ஆனா அது ரொம்ப நாள் நீடிக்காது, அப்புறம் பழைய வெர்ஷன் பேட்ச் எல்லாம் புதுசு ஓடாத ஃபோனுக்கு மட்டும்தான். சாம்சங் மாதிரி ஆண்ட்ராய்டுலயும் உங்க மாடலுக்கு புது வெர்ஷன் வந்துட்டா அடுத்தடுத்த பேட்ச் அதுமேலதான் கட்டிவரும். ஆக நீங்க பழசுலயே நிக்க நிக்க பேட்ச்சும் நின்னுடும், வெளிய இருந்து பாத்தா ஃபோன் நல்லாத்தான் ஓடும், அதுதான் ஏமாத்தும். அதனால இந்த வழி சில மாசத்துக்குச் சரி, ரெண்டு வருஷத்துக்குச் சரியில்ல.

உங்க ஃபோன் எங்க நிக்குதுன்னு பாக்கறது சுலபம்: சாம்சங்ல செட்டிங்ஸ் போய் அபவுட் ஃபோன், அதுக்குள்ள சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன், ‘செக்யூரிட்டி பேட்ச்’ பக்கத்துல ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி ஒரு வருஷத்துக்கு மேல பழசுன்னா அந்த ஃபோன்ல பேங்க் டோக்கன் வச்சிருக்காதீங்க.

## ஃபோனையே மாத்தறது

“அப்டேட் போட்டு ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கப்போறேன்”னு சொல்றவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, முதல்ல பேட்டரியைப் பாருங்க. 2017 டிசம்பர்ல ஆப்பிளே ஒத்துக்கிட்டது, பேட்டரி பழசான ஐஃபோன் திடீர்னு அணைஞ்சு போகாம இருக்க வேகத்தைக் குறைச்சோம்னு, அந்த வேலை அந்த வருஷத் தொடக்கத்துல 10.2.1 அப்டேட்லயே ஆரம்பிச்சிருச்சு. செட்டிங்ஸ்ல பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பேட்டரி மட்டும் மாத்திப் பாருங்க, புது ஃபோன் விலையில ஒரு சின்ன பங்குதான் ஆகும். டெல்கோ பிளான்ல ஃபோன் ‘சும்மா’ கெடைக்கற மாதிரி தெரியும், 24 மாசக் கட்டணத்தைக் கூட்டிப் பாத்துட்டு, வெறும் சிம் பிளான் விலையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, எத்தனை வெள்ளின்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

மாத்தித்தான் ஆகணும்னா, கேமராவுக்கு முன்னாடி எத்தனை வருஷம் அப்டேட் பாக்கியிருக்குன்னு கேளுங்க. சிம் லிம்ல, தேக்கா பக்கம் செகண்ட்ஹேண்ட் வாங்கறவங்க இதைக் கண்டிப்பா கேக்கணும், ஏன்னா அந்த வருஷக்கணக்கு ஃபோன் வெளிவந்த தேதியிலேர்ந்து ஓடுது, நீங்க வாங்கின தேதியிலேர்ந்து இல்ல.

| ஃபோன் | அப்டேட் நிலைமை |
|---|---|
| ஐஃபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் (2018) | ஐஓஎஸ் 18தான் கடைசி, பேட்ச் மட்டும் |
| ஐஃபோன் 11 (2019) | ஐஓஎஸ் 26 ஓடும், வரிசையில கடைசி ஆளு |
| பிக்சல் 8 (அக்டோபர் 2023) | 7 வருஷம், அதாவது 2030 வரைக்கும் |
| கேலக்சி எஸ்24 (ஜனவரி 2024) | 7 வருஷம், 2031 வரைக்கும் |
| கேலக்சி ஏ16 5ஜி (2024) | 6 வருஷம், விலையும் கம்மி |

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடிச்சது. கம்மி விலை ஃபோனுக்கு ஆறு வருஷம்ங்கறது முன்னெல்லாம் நெனச்சே பாக்க முடியாது. ரொம்பப் பழைய ஃபோன் வாங்கறதுல இன்னொரு பள்ளம், 2024லேர்ந்து இங்க 3ஜி கெடையாது, 4ஜில கால் பேச முடியாத மாடலா இருந்தா நெட் வரும், ஃபோன் பேச முடியாது.

புது ஃபோன்ல யாரும் சொல்லாத செலவு டோக்கன்தான். 2022லேர்ந்து புது ஃபோன்ல பேங்க் டிஜிட்டல் டோக்கனை ஏத்தினா அது வேலை செய்ய குறைஞ்சது 12 மணி நேரம் ஆகும், திருடன் நம்ம பேர்ல ஏத்திடக் கூடாதுன்னு வச்ச விதி, நல்ல விதிதான். ஆனா தெரியாம மாட்டிக்கிட்டா கஷ்டம். எனக்குத் தெரிஞ்ச புதுக்கோட்டைத் தம்பி ஒருத்தர், லீவு கெடைக்கறதே ஞாயித்துக்கெழம மட்டும்தான், சிராங்கூன் ரோட்டுல மத்தியானம் புது ஃபோன் வாங்கி, பழசை அங்கயே டிரேட்-இன் குடுத்துட்டு, சாயங்காலம் ஊருக்கு தங்கச்சி ஃபீஸ் அனுப்பலாம்னு உக்காந்தா டோக்கன் நாளைக்குத்தான்னு வந்துடுச்சு. மறுநாள் விடியக்காலையே லாரி ஏறி சைட்டுக்குப் போகணும், ஃபீஸ் கட்ட கடைசி நாள் திங்கக்கெழம. “அண்ணே, காசு என் அக்கவுன்ட்லதான்ண்ணே இருக்கு, அனுப்பத்தான் முடியல”ன்னு சொன்னார், கேக்கவே கஷ்டமா இருந்துச்சு. அதனால முதல்ல அனுப்ப வேண்டிய காசை பழைய ஃபோன்லயே அனுப்பிடுங்க, அப்புறம் மாத்துங்க, பழைய ஃபோனை அன்னைக்கே குடுத்துடாதீங்க, வாட்ஸ்அப், படம் எல்லாம் வந்துடுச்சான்னு ரெண்டு மூணு நாள் பாத்துட்டுக் குடுங்க. ஐஃபோன் டு ஐஃபோன்னா செட்டிங்ஸ்ல ‘பிரிப்பேர் ஃபார் நியூ ஐஃபோன்’ போனா, மாத்தறதுக்குன்னே ஐகிளவுட்ல தற்காலிக இடம் இலவசமா தருவாங்க, 5 ஜிபி பத்தலன்னு கவலைப்பட வேணாம்.

## கஸ்டம் ரோம்

யூடியூப் பாத்துட்டு பழைய ஆண்ட்ராய்டுல கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி குடுக்காம வெளியாளுங்க செஞ்ச லீனியேஜ்ஓஎஸ் மாதிரி சாஃப்ட்வேர் போடலாமான்னு கேக்கற தம்பிங்க இருக்காங்க. வேலையா அருமையான வேலை, கம்பெனி கைவிட்ட ஃபோனுக்கு உயிர் குடுக்கறாங்க. ஆனா நீங்க தினம் வச்சிருக்கற ஃபோன்ல வேணாம். ரூட் பண்ணின, அதாவது கம்பெனி போட்ட பூட்டை ஒடைச்சு உள்ள முழு அதிகாரம் எடுத்த ஃபோன்ல சிங்பாஸ் ஓடாது, பேங்க் ஆப் முரண்டு பிடிக்கும், சாம்சங்ல வேற சாஃப்ட்வேர் ஏத்தினா நாக்ஸ் ஃபியூஸ்னு உள்ள இருக்கற பாதுகாப்பு அடையாளம் நிரந்தரமா போயிடும், அப்புறம் அசல் சாஃப்ட்வேரைத் திருப்பிப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர்ங்கற பூட்டு வச்ச இடம் வராது. பாட்டு கேக்க, பிள்ளைங்க வீடியோ பாக்க ஒரு ஃபோன் வேணும்னா சரி.

இதோட சேத்து ஒண்ணு: எஸ்எம்எஸ்லயோ வாட்ஸ்அப்லயோ ‘உங்க ஃபோனை அப்டேட் பண்ணுங்க’ன்னு லிங்க் வந்து ஏபிகே ஃபைல் (ஆப் ஸ்டோருக்கு வெளிய வர்ற ஆண்ட்ராய்டு ஆப்) எறக்கச் சொன்னா அது அப்டேட்டே இல்ல, திருட்டு. 2023ல இப்படி எறக்கின ஆப்பால இங்க நெறைய பேர் சேமிப்பை இழந்தாங்க, அதுக்கப்புறம்தான் ஓசிபிசி மாதிரி பேங்க்குங்க வெளியிலேர்ந்து எறக்கின ஆபத்தான ஆப் இருந்தா உள்ள விடாம தடுக்க ஆரம்பிச்சாங்க, கூகுளும் 2024 பிப்ரவரில உலகத்துலயே முதல்ல சிங்கப்பூர்லதான் அந்த மாதிரி ஆப்பைத் தடுக்கற வேலையைத் தொடங்குச்சு. உண்மையான அப்டேட் செட்டிங்ஸுக்குள்ளதான் வரும், லிங்க்ல வராது.

## அப்பா அம்மா ஃபோனா இருந்தா

இங்கதான் என் பதில் கொஞ்சம் மாறும். அவங்களுக்கு பாதுகாப்பு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கைப்பழக்கம். சாம்சங்ல ஒன் யுஐ 7 வந்ததும் மேலேர்ந்து கீழ இழுக்கற திரை ரெண்டா பிரிஞ்சுடுச்சு, இடது பக்கம் இழுத்தா நோட்டிஃபிகேஷன், வலது மூலையில இழுத்தாத்தான் வைஃபை, டார்ச் எல்லாம். நமக்கு ஒரு நாள்ல பழகிடும், எழுபது வயசுல அவங்க “டார்ச்சைக் காணோம், ஃபோன் கெட்டுப்போச்சு”ன்னு நெனச்சுப்பாங்க, கேக்க சங்கடப்பட்டுக்கிட்டு ஃபோனை எடுக்கறதையே கொறைச்சுப்பாங்க. வலது மூலையிலேர்ந்து இழுத்து, பென்சில் படத்தைத் தொட்டு, பேனல் செட்டிங்ஸ்ல ‘டுகெதர்’ போட்டுக் குடுத்தீங்கன்னா பழைய மாதிரியே ஒண்ணா வந்துடும்.

அதனால அவங்க ஃபோன்ல சின்ன பேட்ச் ஆட்டோமேட்டிக்கா ஏறட்டும், பெரிய அப்டேட்டை மட்டும் நீங்க பக்கத்துல உக்காந்திருக்கற ஒரு லீவு நாள்ல போடுங்க, போட்டுட்டு கெளம்பிடாம அவங்களையே கால் பண்ணச் சொல்லி, வாட்ஸ்அப்ல படம் அனுப்பச் சொல்லி, சிங்பாஸ் தொறக்கச் சொல்லிப் பாருங்க. தமிழ்ல டைப் பண்றவங்கன்னா கீபோர்டு சரியா வருதான்னும் பாருங்க, செல்லினம் மாதிரி தனியா ஏத்தின கீபோர்டை சிலசமயம் செட்டிங்ஸ்ல போய் மறுபடி ஆன் பண்ண வேண்டி வரும். நீங்க பக்கத்துல இல்ல, வேற ஊர்ல இருக்கீங்கன்னா சமூக மன்றங்கள்லயும் நூலகங்கள்லயும் இருக்கற டிஜிட்டல் தூதர்கள்ட்ட போகச் சொல்லுங்க, காசு வாங்கறதில்ல, பொறுமையா சொல்லித் தர்றாங்க. போகும்போது சார்ஜரை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க, பாஸ்வேர்டு எதையும் யார்ட்டயும் சொல்லாம அவங்க கையாலயே அடிக்கச் சொல்லுங்க.